பங்களாவில் நகை பார்த்த நாள்

உ

ஓசூர்
3-9-1956

அன்புள்ள சம்பங்கிக்கு சாந்தம்மா எழுதிக்கொண்டது.

பஸ்ஸில் ஊத்தங்கரை போய்ச் சேரும்வரை வாந்தி எடுத்தாயாமே, உன் அம்மா ரங்கம்மா சொல்லியனுப்பினார்கள். இப்போது சோறு வயிற்றில் தங்குகிறதா? போன தடவை மாதிரி ஆகிவிடக் கூடாது என்றுதான் உன்னை முன்கூட்டியே சிங்காரப்பேட்டைக்கு அனுப்பினோம். கிணற்றில் தண்ணீர் இழுக்காதே. சும்மா இரு என்றால் உனக்குக் கோபம் வரும், ஆனாலும் சும்மா இரு.

உன் வீட்டுக்காரனுக்கு ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்துவிட்டது. சுரங்கத்துத் தூசி நெஞ்சில் படிந்து கிடக்கிறதாம், மெள்ள மெள்ளத்தான் தேறுமாம். இருமல் வந்தால் பார்க்க முடியவில்லை. வராத நேரத்தில் வாய்க்கு ஒரு குறைச்சலும் இல்லை. நீ முழுகாமல் இருக்கும்போது கத்தி வைக்கக் கூடாது என்று தாடி வளர்க்கிறானே, அதைப் பார்க்கச் சகிக்காமல் நர்சம்மா ஒருநாள் சவரக்காரரையே கூட்டி வந்துவிட்டாள். "எங்க வழக்கத்துல பொண்டாட்டி பெத்து எந்திரிக்கிற வரைக்கும் மொகத்துல கத்தி வெக்க மாட்டோம்மா. மாட்டேன்னா மாட்டேன்" என்று அவளிடம் சண்டை. வார்டில் இப்போது அவனுக்குப் பெயர் சாமியார்.

இங்கே ஒரு கூத்து நடக்கப் போகிறது. வெள்ளைக்காரத் துரை கட்டின பழைய பங்களாவில், பெங்களூரிலிருந்து மியூசியக்காரர்கள் வந்து கண்காட்சி வைக்கிறார்கள். போன நூற்றாண்டில் ராணிகளும் ஜமீன் வீட்டுப் பெண்களும் துரைசானிகளும் போட்ட நகை, உடுத்தின துணிமணி எல்லாம் கண்ணாடிப் பெட்டியில் இருக்குமாம். டிக்கெட் ஓரணா. ஆஸ்பத்திரிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினதிலிருந்து உன் வீட்டுக்காரனுக்கு அதே பேச்சு. "அக்கோவ், அத்தன வருசம் பூமிக்குள்ள தங்கம் வெட்டினேன். நான் கண்டதெல்லாம் சாம்பக் கல்லுதான். வெட்டினது என்னாவா ஆச்சுன்னு ஒருக்கா பாக்கணும்" என்கிறான். கொஞ்சம் தேறட்டும், கூட்டிப் போகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

சாந்தம்மா

---

சிங்காரப்பேட்டை
14-9-1956

அன்புள்ள அண்ணிக்குச் சம்பங்கி வணக்கம் சொல்லி எழுதுவது.

வாந்தி நின்றுவிட்டது. இப்போது பசிதான். அம்மா ராகிக்களியும் கீரைக் குழம்பும் போட்டுக்கொண்டே இருக்கிறாள். உங்கள் கால்வலி தேவலையா?

தங்கமே கண்டதில்லை என்கிறாரே உங்கள் தம்பி, என் மூக்குத்தி என்ன பித்தளையா என்று கேளுங்கள். எத்தனை தடவை முகத்துக்கு நேரே பார்த்திருக்கிறார்! கட்டாயம் கூட்டிப் போங்கள். ஆனால் அவரை நம்பிப் பிரயோஜனம் இல்லை. கிருஷ்ணகிரி சந்தைக்குப் போய் வந்து என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "கூட்டம்" என்பார். அதனால் நீங்கள்தான் எழுத வேண்டும். என்ன நகை, எப்படிப் புடவை, அவர் எதைப் பார்த்து என்ன சொன்னார், எல்லாம் வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். போன தடவை குழந்தை போனபோது, தூங்குகிறது, தூங்குகிறது என்று எல்லோரும் என்னிடம் சொன்னீர்கள். நான் மாரில் பால் கட்டிக்கொண்டு விழிக்கட்டும் என்று காத்திருந்தேன். அந்த மாதிரி இனி எனக்கு யாரும் செய்யக் கூடாது. அவருக்கு எது ஆனாலும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். நான் வந்துவிடுகிறேன். என் அம்மா அழுவாள், உங்கள் இளைய தம்பி கோவிந்தப்பனுக்கு வாய் வராது. உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

அவருக்கு ஞாபகமாகக் கஞ்சியைச் சூடாகக் கொடுங்கள்.

சம்பங்கி

---

ஓசூர்
29-9-1956

சம்பங்கிக்கு,

நான் நலமே. உன் கடிதத்தை அவனிடம் படித்துக் காட்டினேன். மூக்குத்திச் சங்கதி வந்ததும் சிரித்தான், சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

பங்களாவில் கண்காட்சி திறந்தாயிற்று. ரோடு வரைக்கும் வரிசை நிற்கிறது. இப்போது வெளிக்காற்றும் புழுதியும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வராந்தா வரைக்கும் நடந்தாலே களைத்துப் போகிறான். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றிருக்கிறோம். மழைக்காலம் அல்லவா, எல்லோருக்கும் இருமல்தான்.

நீ கவலைப்படாதே.

சாந்தம்மா

---

ஓசூர்
19-10-1956

தம்பி கோவிந்தப்பனுக்கு,

நேற்றுப் பால் தெளித்துவிட்டு நீ பஸ் ஏறினாயே, கெலமங்கலம் போய்ச் சேர்ந்தாயா? சாப்பிட்டாயா? என்னால் ஒரு வாய் இறக்க முடியவில்லை. உன் அண்ணன் திம்மராயன் போய்விட்டான் என்று இன்னமும் எழுத வரவில்லை. அவன் தம்ளரை எடுத்து வைத்துக் கஞ்சி ஆற்றப் போய்விட்டேன் இன்றைக்குக் காலையில்.

நாம் பேசினதையே மறுபடி எழுதுகிறேன், நீ தடுமாறிவிடாதே. சம்பங்கிக்குச் சொல்லக் கூடாது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளிடம் சாவுச் செய்தி சொல்லும் வழக்கம் நம்மில் இல்லை. அதுவும் முதல் குழந்தையைப் பறிகொடுத்தவள். இதுவும் கலைந்தால் திம்மராயனுக்கென்று பூமியில் ஒன்றும் மிஞ்சாது. பெற்றெடுத்த பிறகு சொல்லலாம். பதினாறாம் நாள் காரியத்தை இங்கேயே முடித்துவிடுவோம். ரங்கம்மாவுக்கு ஆள் மூலம் சொல்லியாயிற்று. அந்தப் பெண்பிள்ளை சீலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாளாம்.

நீ சொன்னாய், "அது அவங்க புருசங்க்கா, அவங்களுக்குத் தெரியாம நாம எப்பிடி எடுக்கிறது" என்று. நீ சொன்னது நியாயம். எதையும் மறைக்காதீர்கள் என்று அவளே எனக்கு எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டும்தான் இந்த முடிவுக்கு வந்தேன். பாவம் என்றால் அது என்னோடு போகட்டும். ஏழாம் மாதம் வளையலை நீதான் கொண்டுபோக வேண்டும். முகத்தில் காட்டாதே.

கடைசியில் அண்ணன் என்ன சொன்னான் என்று கேட்டாய். அதைப் பிறகு பேசலாம்.

இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

உன் அக்கா
சாந்தம்மா

---

ஓசூர்
23-10-1956

அன்புள்ள சம்பங்கிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். கடிதம் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் வீட்டுக்காரனைப் பங்களாவுக்குக் கூட்டிப் போய் வந்துவிட்டேன். கேட்டாயே, எழுதுகிறேன்.

ஒற்றை மாட்டு வண்டி பேசி மெதுவாகப் போனோம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பளிச்சென்று சவரம் செய்த முகத்தோடு மாப்பிள்ளை மாதிரி இருந்தான். முகம் வற்றியிருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது.

உள்ளே நுழைந்ததும் முதல் பெட்டியில் ஒரு முத்து மாலை. ஏழு சரம். ஒவ்வொரு முத்தும் கொண்டைக் கடலை அளவு, ஆனால் எல்லாம் ஒரே வெள்ளை இல்லை. சிலது பால் நிறம், சிலது லேசான ரோஜா நிறம், ஓரத்தில் இருப்பது தயிர் புளித்தாற்போல மஞ்சள் தட்டியிருக்கிறது. உடம்பில் போட்டுக்கொண்டே இருந்தால்தான் முத்துக்கு உயிராம், பெட்டியில் பூட்டி வைத்தால் செத்துப் போகுமாம். அங்கே நின்ற ஆள் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். சரங்களை ஒன்றாகக் கட்டியிருக்கும் பட்டுக் கயிறு இற்றுப் போயிருக்கிறது. நடுவில் பச்சைக்கல் பதக்கம், அதைச் சுற்றிப் பொடிப்பொடியாகச் சிவப்பு.

அடுத்தது ஜமீன் வீட்டு நகைகள். ராக்கொடி, ஜடைநாகம், வங்கி, ஒட்டியாணம். ஒட்டியாணம் இத்தனை அகலம், நம் வீட்டு முறத்தின் விளிம்பு இருக்குமே, அந்த அகலம். உன் வீட்டுக்காரன் அதன் எதிரே அப்படியே நின்றுவிட்டான். "இதாங்க்கா அது? அம்மாந்தொலவு கீழ எறங்கினது இதுக்கா?" என்றான். கண்ணாடியில் கை வைக்கப் போனான். காவல்காரர் ஓடி வந்து, "முட்டபேடி, முட்டபேடி" என்று கன்னடத்தில் தொடக் கூடாது என்றார். "இல்ல சாமி, நெழலுதான் பட்டுச்சு" என்று சிரித்தான்.

துரைசானி உடுப்புக்குத் தனி அறை. மூங்கிலில் பின்னின கோழிப் பஞ்சாரம் இருக்கிறதல்லவா, அதே மாதிரி வளையம் வளையமாக ஒரு கூண்டு. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு அதற்கு மேலே பாவாடையை விரிப்பார்களாம். "ரெண்டு ஆட்டுக்குட்டிய உள்ள மடக்கலாம்" என்றான். அந்தக் கூண்டுக்கு மேலே, மார்பையும் வயிற்றையும் இறுக்கிக் கட்ட ஒரு கச்சு. திமிங்கில எலும்பை நீளநீளமாகக் கீறி உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்கள். இரண்டு கையால் பிடித்தால் அடங்கிவிடும் இடுப்பு. இதை இறுக்கினால் மூச்சே விட முடியாமல் மயங்கி விழுவார்களாம், விழுந்தால் முகர வைக்கச் சின்ன வெள்ளிச் சீசாவும் பக்கத்தில் இருக்கிறது. அதை அவன் ரொம்ப நேரம் பார்த்தான். "மூச்சு நல்லா வர்றவங்க, அத எதுக்குக்கா கட்டிப் போட்டாங்க?" என்றான்.

தீக்கோழி இறகு விசிறி, குழந்தைக் கைக்குக்கூடப் போதாத கையுறை, வைரம் பதித்த கொண்டை ஊசி எல்லாம் பார்த்தோம். ஒரு பெட்டியில் முழுக்கக் கறுப்புக் கல் நகைகள், துரைசானிகள் துக்கத்துக்குப் போடுவதாம். அதைத் தாண்டி வந்துவிட்டோம்.

வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்தான். "சம்பங்கிக்கு அந்த ஜடைநாகம் நல்லா இருக்கும். முடி அடர்த்தி" என்றான். வண்டியில் வரும்போது தூங்கிவிட்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள். நல்லபடியாகப் பெற்றெடு, அது போதும் எங்களுக்கு.

சாந்தம்மா

---

சிங்காரப்பேட்டை
6-11-1956

அண்ணிக்குச் சம்பங்கி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. படித்தேன். முத்து மாலையைக் கண்ணால் பார்த்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

குழந்தை நன்றாக உதைக்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே மழை விடாமல் பெய்கிறது. வேறு விசேஷம் இல்லை.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா அண்ணி? ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

சம்பங்கி

---

கெலமங்கலம்
22-11-1956

அக்காவுக்குக் கோவிந்தப்பன் எழுதும் கடிதம்.

நானும் வீட்டில் உள்ளவர்களும் இருக்கிறோம். நீ சொன்னபடி சிங்காரப்பேட்டைக்கு வளையல் கொண்டுபோய்க் கொடுத்து வந்தேன். இனி இந்த மாதிரி வேலைக்கு என்னை அனுப்பாதே.

பந்தலில் அண்ணியை மணையில் உட்கார வைத்தார்கள். தலை நிறையப் பூ. பச்சையும் சிவப்புமாக வளையலைப் பூட்டினார்கள். பெண்கள் எல்லோரும் அண்ணனைச் சொல்லிக் கேலி செய்தார்கள். "தாடிக்காரரு வரலியா, தாடி தடுக்கி உழுந்துட்டாரா?" என்று ஒருத்தி கேட்டாள். ரங்கம்மா புகை புகை என்று சொல்லிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்கள். அடுப்பே மூட்டவில்லை அக்கா.

அண்ணி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கை நிறைய வளையலோடு எனக்குச் சோறு போட்டார்கள். "நல்லா சாப்புடு கோவிந்தா, எளச்சிட்ட" என்றார்கள். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என்ன பொய் சொல்வது என்று பஸ்ஸில் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். கேட்காமல் இருந்தது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. சொல்லிவிடலாமா?

கோவிந்தப்பன்

---

ஓசூர்
30-11-1956

அன்புள்ள சம்பங்கிக்கு,

வளையல் பூட்டினது நன்றாக நடந்தது என்று கோவிந்தப்பன் எழுதினான். சந்தோஷம். கை வீங்கியிருக்கும், இறுக்கமான வளையலைக் கழற்றிப் பெரிய அளவு மாற்றிக்கொள். இங்கே அவனும் கேட்டான், என்ன நிறம் என்று. பச்சையும் சிவப்பும் என்று சொன்னேன்.

உடம்பு அப்படியே இருக்கிறது. பங்களாவில் எல்லாவற்றையும் கட்டி லாரியில் ஏற்றிப் பெங்களூருக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

இன்னும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை வலிக்கிறது. நீ இரண்டு வரியாவது பதில் போடு.

சாந்தம்மா

---

சிங்காரப்பேட்டை
4-2-1957

அண்ணிக்கு,

பெண் குழந்தை பிறந்த செய்தி கோவிந்தப்பன் சொல்லியிருப்பான். நல்ல எடை. தலை நிறைய முடி. நான் எழுந்து நடமாடுகிறேன். உங்கள் கார்த்திகை மாதத்துக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. போட்டால் நானும் பொய் எழுத வேண்டியிருக்கும்.

நேற்றுக் காலையில் கோவிந்தப்பனும் அம்மாவும் பங்காளி வீட்டுப் பெரியவர் ஆஞ்சப்பனும் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆஞ்சப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "தெரியும் மாமா, அப்பவே தெரியும்" என்றேன். அம்மா தரையில் விழுந்து அழுதாள். நான்தான் அவளைத் தூக்கி உட்கார வைத்தேன்.

எப்படித் தெரியும் என்று நீங்களும் கேட்பீர்கள். நீங்கள்தான் எழுதினீர்கள். பளிச்சென்று சவரம் செய்த முகம் என்று. அவர் செய்துகொள்ள மாட்டார் அண்ணி. நர்சம்மாவோடு சண்டை போட்ட மனுஷன். குழந்தை பிறக்கும் முன்னால் நம்ம வீட்டு ஆம்பிளை முகத்தில் கத்தி பட்டதென்றால், அவராகப் பட வைக்கவில்லை, குளிப்பாட்டிப் படுக்க வைத்து மற்றவர்கள்தான் பட வைத்திருக்க வேண்டும். அந்த வரியைப் படித்தபோது களி கிண்டிக்கொண்டிருந்தேன். கட்டி தட்டிவிடும் என்று கிண்டிக்கொண்டே இருந்தேன். இறக்கி வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுச் சோறு போட்டேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்றால், அழ ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது எனக்கு. வயிற்றில் இருப்பது தாங்க வேண்டும். அதனால் நீங்கள் எல்லோரும் எனக்காக நடித்தீர்கள், நான் உங்களுக்காக நடித்தேன். வளையல் பூட்டினார்களே, ஒவ்வொன்றும் கையில் ஏறும்போது இதை யார் உடைக்கப் போகிறார்கள் என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்துப் போன புருஷனுக்குப் பூ வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

உங்களைத் திட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். எடுத்துச் சொல்லியும் எனக்கு அதே காரியத்தைச் செய்தீர்கள். என் குழந்தை முகத்தையும் பார்க்க விடவில்லை, என் புருஷன் முகத்தையும் பார்க்க விடவில்லை. எந்த இடத்தில் எரித்தீர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. மன்னிக்க முடியுமா என்று கேட்காதீர்கள், இன்றைக்கு முடியவில்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அவர் எப்படிப் போனார் என்று எழுதுங்கள். வலித்ததா, என்னைக் கேட்டாரா, யார் பக்கத்தில் இருந்தார்கள், யார் வாயில் தண்ணீர் விட்டார்கள். அந்த முத்து மாலைக்கு எத்தனை வரி எழுதினீர்களோ, அத்தனை வரி என் புருஷன் செத்ததற்கும் எழுதுங்கள்.

சம்பங்கி

---

ஓசூர்
11-2-1957

சம்பங்கிக்கு,

உன்னையும் குழந்தையையும் மாரியம்மன் காக்கட்டும். வேறு நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

நீ கேட்டதை எழுத உட்கார்ந்து இன்றைக்கு மூன்றாம் நாள். என்னிடம் அத்தனை வரி இல்லை. நான் பக்கத்தில் இல்லை சம்பங்கி. நான் பங்களாவில் இருந்தேன்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலையில் கொஞ்சம் தெளிவாக இருந்தான். கஞ்சி குடித்தான். நான் வழக்கம்போல அடுத்த வாரம் போகலாம் என்றேன். "நான் எங்கக்கா வரப் போறேன்? நீ போய் பாத்துட்டு வந்து சொல்லு. சும்மா பாத்தேன்னு சொல்லக் கூடாது, ஒவ்வொண்ணா சொல்லணும். சம்பங்கிக்கும் எழுதணுமில்ல" என்று அனுப்பினான். இடுப்பில் ஓரணா முடிந்துகொண்டு போனேன். பெரிய வரிசை. உள்ளே போய் ஒவ்வொரு பெட்டி எதிரிலும் நின்று விரல் விட்டு எண்ணி மனப்பாடம் செய்தேன். ஒன்று மறந்துவிட்டது என்று திரும்பப் போய்ப் பார்த்தேன். திரும்பப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காத நாள் இல்லை. வரும் வழியெல்லாம் பைத்தியக்காரி மாதிரி சொல்லிக்கொண்டே வந்தேன், முத்து மாலை, ராக்கொடி, வங்கி என்று.

வார்டில் கட்டில் காலியாக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர், "ஒரு பெரிய இருமல் வந்தது, அத்தோட சரி. அக்கா வந்துட்டாளான்னு ஒருக்கா கேட்டாரு" என்றார். அவ்வளவுதான். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். தண்ணீர் யார் விட்டார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. என்னை ஊரெல்லாம் தேடிவிட்டு எங்கள் வீட்டுக்காரர் அவனை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டிச் சவரமும் ஆகியிருந்தது. எங்கே போயிருந்தாய் என்று கேட்டார். மார்க்கெட்டுக்கு என்றேன். இன்றைக்கு வரைக்கும் உன்னைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

அந்தக் கடிதத்தில் அவன் பேசினதாக எழுதினது எல்லாம் பொய். வண்டி பொய். பார்த்ததாக எழுதினது எல்லாம் நிஜம். நல்லெண்ணத்தில் செய்தேன் என்று சாக்குச் சொல்ல மாட்டேன். நீ சாகும்வரை திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஏரிக்கரை ஓரத்துச் சுடுகாட்டில்தான் எரித்தோம். நீ வரும்போது கூட்டிப் போய்க் காட்டுகிறேன்.

உனக்கு எழுத இன்னும் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அவன் தலைமாட்டில் உட்கார்ந்து காதோரம் குனிந்து சொல்ல ஆரம்பித்தேன். கூடியிருந்த பெண்கள் நான் ஒப்பாரி வைக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். முதல் பெட்டியைச் சொல்லி முடிப்பதற்குள் தூக்க வந்துவிட்டார்கள். மிச்சத்தைத்தான் உனக்கு எழுதினேன்.

சாந்தம்மா